செம்பு நட்சத்திரமும் வாலிங்கின் பணிக்காலமும்: ஒரு நகல் தொகுப்பின் மதிப்பீடு

நியூயார்க் நகரக் காவலர்களுக்கு 1845இல் வழங்கப்பட்ட எட்டு முனைச் செம்பு நட்சத்திரத்தின் நகலையும், அதை அணிந்து பணியைத் தொடங்கித் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் வாலிங் பற்றிய சிறுநூலையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார் இணைய விற்பனையாளர் ஒருவர். பழைய போலீஸ் பேட்ஜ் சந்தையில் போலிகளை அசல் என்று சொல்லி விற்பவர்கள் மலிந்திருப்பதால், நகல் என்று பின்புறத்திலேயே முத்திரையிட்டு விற்கும் நேர்மைக்காகவே இதை வாங்கினேன்.

உலோகத்தில் குறை சொல்ல இடமில்லை. முலாம் பூசிய மலிவுத் தகடாக இல்லாமல் முழுச் செம்பாக இருப்பதால் கையில் எடுத்தவுடன் கனம் தெரிகிறது. நாள்பட முனைகளில் கருமையும் இயல்பாகவே படிகிறது. திருப்பிப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம். அக்காலத்து ஊக்குகள் பூட்டு ஏதுமின்றி, வளைந்த ஒரு சிறு கொக்கியில் செருகப்பட்டவை. அசலைச் சோதிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். இந்த நகலிலோ அலுவலகப் பேட்ஜ்களில் இருப்பதுபோல் அழுத்திப் பொருத்தும் குமிழ்கள் இரண்டு இருக்கின்றன. 1853 வரை அந்தக் காவலர்களுக்குச் சீருடையே கிடையாது. சொந்த உடையில் நடமாடியவரைக் காவலர் என்று காட்டியது மேலங்கியில் குத்திய இந்த நட்சத்திரம்தான் என்பதால், அது எப்படிக் குத்தப்பட்டது என்பதை அற்ப விஷயமாக ஒதுக்க முடியவில்லை.

சிறுநூலின் அச்சும் படங்களும் நன்று. 1823இல் நியூஜெர்சியில் பிறந்த வாலிங் 1847இல் காவல்பணியில் சேர்ந்தது, 1853இல் கேப்டனானதும் சாதாரண உடையில் தடியுடன் ஆட்களை அனுப்பித் தெருக்கும்பல்களை அடக்கியது, 1863இன் கட்டாய ராணுவச் சேர்ப்புக் கலவரங்களை எதிர்கொண்டது, 1874 முதல் 1885 வரை கண்காணிப்பாளராகத் துறைக்கே தலைமை ஏற்றது எல்லாம் விறுவிறுப்பாகச் சொல்லப்பட்டுள்ளன. ஆனால் அவர் வாழ்வின் மிக விசித்திரமான நாளுக்கு இரண்டே வரிகள்தான். 1857இல் மாநிலச் சட்டமன்றம் மெட்ரோபாலிட்டன் என்ற புதிய காவல்படையை உருவாக்கியபோது, மேயர் ஃபெர்னாண்டோ வுட் தம் முனிசிபல் படையைக் கலைக்க மறுத்தார். ஒரே நகரத்தில் இரண்டு போலீஸ் இருந்தன. புதிய படைக்கு மாறிய வாலிங், ஜூன் 16 அன்று பிடியாணையுடன் நகர மன்றத்துக்குத் தனியாகச் சென்று மேயரைக் கைது செய்ய முயல, மேயரின் காவலர்கள் அவரை வெளியே தள்ளினார்கள். பிறகு அங்கே வந்த மெட்ரோபாலிட்டன் காவலர்களுக்கும் அவர்களுக்கும் வாசலிலேயே அடிதடி மூண்டது. மாநிலக் குடிப்படையின் 7ஆவது படைப்பிரிவு தலையிட வேண்டியதாயிற்று. ஜூலையில் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்த பிறகே முனிசிபல் படை கலைந்தது.

ஓய்வுக்குப் பின் 1887இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், காவல்துறை அரசியல்வாதிகளின் பிடியில் கிடப்பதை வாலிங் கடுமையாகச் சாடினார். அந்தக் கசப்பின் வேர்களில் ஒன்று 1857இல் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதை இரண்டு வரிகளில் முடித்துவிட்டுத் திருடர்களைப் பிடித்த கதைகளுக்குச் சிறுநூலின் பாதியை ஒதுக்கியிருப்பது, அதை எழுதியவருக்கு அரசியலைத் தொட விருப்பமில்லை என்றே காட்டுகிறது.

மேசையில் வைத்து அழகு பார்க்க நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். சேகரிப்பவர்கள், பழைய முறை ஊக்கு பொருத்திய பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு விற்பனையாளர் தனிக்கட்டணம் கேட்கிறார். இந்த விலைக்கு அது பெட்டியிலேயே இருந்திருக்க வேண்டும்.