மைத்தொட்டியா, லேசரா: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எந்தப் பிரிண்டர்?

வீட்டில் ஒரு பிள்ளை சாதாரண தரத்துக்கும் இன்னொன்று உயர்தரத்துக்கும் படிக்கத் தொடங்கினால், பிரிண்டர் வாங்கும் கதை தானாக வந்துவிடும். ரியூசன் வாத்தியார் வினாத்தாளை வட்சப்பில்தான் அனுப்புகிறார். ஒவ்வொன்றுக்கும் சந்திக் கடைக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டில் முதலில் இருந்தது மைத்தொட்டி வைத்த இங்க்ஜெட், அதாவது போத்தல் மையைத் தொட்டியில் ஊற்றித் தெளித்து அச்சடிப்பது. இப்போது இருப்பது கறுப்பு வெள்ளை லேசர். பிரிண்ட், ஸ்கேன், போட்டோக்கொப்பி மூன்றும் இரண்டிலும் உண்டு. இரண்டோடும் பழகிய பிறகு, பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு லேசரைத்தான் சொல்வேன்.

கார்ட்ரிட்ஜ் போடும் மலிவு விலை இங்க்ஜெட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. எச்பி 680 கறுப்புக் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 480 பக்கம், கலர் 150 பக்கம் என்று கம்பனியே கணக்குக் கொடுக்கிறது. இயந்திரத்தில் மிச்சம் பிடித்த காசு சில கார்ட்ரிட்ஜ்களிலேயே போய்விடும். மை தெளிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருவதால், அடைத்துக்கொண்டால் புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டதும் ஹெட்டும் புதிதாகிவிடும். அதற்கு உள்ள ஒரே நல்ல குணம் இதுதான்.

பக்கச் செலவை மட்டும் பார்த்தால் மைத்தொட்டியை யாரும் வெல்ல முடியாது. எப்சன் எல்3210, எல்3250 வகைகளுக்குப் போடும் 003 கறுப்பு மை 65 மில்லிலீட்டர் போத்தல். 4500 பக்கம் வரை வரும் என்பது கம்பனிக் கணக்கு. கெனான் எம்எஃப்3010 லேசருக்கான 325 கார்ட்ரிட்ஜ் 1600 பக்கம்தான், விலையும் அந்தப் போத்தலைவிடப் பல மடங்கு. கடைக்காரரும் இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுவார். கணக்குப் பிழையில்லை. ஆனால் அது அச்சடித்த பக்கங்களை மட்டும் எண்ணுகிற கணக்கு. பிரிண்டர் சும்மா கிடக்கும் வாரங்கள் அதற்குள் வருவதில்லை.

வீட்டுப் பிரிண்டர் பெரும்பாலும் சும்மா கிடக்கிற பொருள். பரீட்சை நெருங்கினால் இரவு பகலாக ஓடும். ஏப்ரல் விடுமுறையிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் ஒரு தாள்கூட வெளியே வராது. அந்த மாதங்களில்தான் வெயிலும் சோழகக் காற்றும். மைத்தொட்டி பிரிண்டரில் ஹெட்டின் துளைகள் தலைமயிரைவிடச் சின்னவை. வேலை முடிந்ததும் ஹெட் ஒரு ஓரத்துக்குப் போய் இறப்பர் மூடியின் மேல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மை காயாமல் பல நாள் தாங்கும், உட்காராவிட்டால் காய்ந்து அடைக்கும்.

எங்கள் ஊரில் அதை உட்கார விடாதவை கரண்டும் சுவர்ச் சுவிட்சும்தான். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை வெட்டிய காலம் இப்போது இல்லை என்றாலும், அச்சடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹெட் நடுவழியில் திறந்தபடியே நின்றுவிடும். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் எல்லாப் பிளக்கையும் கழற்றுவது நம் வீட்டுப் பழக்கம், அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி, அது முழுதாக ஓய்ந்த பிறகுதான் சுவரில் நிறுத்த வேண்டும். கரண்ட் நடுவில் போயிருந்தால், வந்தவுடன் ஒருக்கால் போட்டு, பிறகு பொத்தானால் நிறுத்துங்கள்.

அடைப்பு வந்திருப்பதைத் தமிழ் எழுத்தே காட்டிக்கொடுக்கும். சின்ன எழுத்து வினாத்தாளில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், வரிகளின் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். மையை உறிஞ்சி ஹெட்டைச் சுத்தமாக்கும் கிளீனிங்கை உடனே கொடுக்கக் கூடாது. முதலில் நொசில் செக் என்ற சோதனைத் தாளை எடுத்து எந்த நிறம் உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிளீனிங் இரண்டு மூன்று தரம் கொடுத்தும் சரிவராவிட்டால் நிறுத்திவிட்டு, ஒரு இரவு விட்டுத் திரும்பப் பாருங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் போத்தல் மை குறைவதோடு போகாது. உறிஞ்சிய மை முழுவதும் அடியில் இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டதாகக் கணக்குக் காட்டினால் இயந்திரம் வேலை செய்ய மறுக்கும். கெனானில் 5பி00 என்று வரும் பிழை அதுதான். எங்கள் பழைய பிரிண்டரும் கடைசியில் இப்படித்தான் நின்றது. மை பாதிக்கு மேல் இருந்தது, ஹெட்டும் நன்றாக இருந்தது. பஞ்சு மாற்றக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். போக்குவரத்துச் செலவைக் கேட்டதும் லேசர் வாங்கும் முடிவுக்கு வந்துவிட்டோம்.

மைத்தொட்டிதான் வேண்டும் என்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: கழிவு மைப் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாமா? கெனான் ஜி2020, ஜி3020 இல் மாற்றலாம். எப்சன் எல்3250 இல் அப்படி ஒரு பெட்டி இல்லை, பஞ்சு உள்ளேதான். கலர் படம், செயற்றிட்ட வேலை என்று வாரா வாரம் அச்சடிக்கிற வீட்டுக்கு மைத்தொட்டியே பொருத்தம். ஓடிக்கொண்டே இருந்தால் அதற்கு நோய் குறைவு.

லேசரில் மை என்ற பேச்சே இல்லை. டோனர் என்பது தூள். காய்வதற்கு அதில் ஈரம் கிடையாது. சூடான உருளை அதை உருக்கித் தாளில் ஒட்டுகிறது. இரண்டு மாதம் துணி போட்டு மூடி வைத்துவிட்டு எடுத்தாலும் முதல் தாளே கறுப்பாக, புள்ளியெல்லாம் துலக்கமாக வரும். தாள் நனைந்தாலும் எழுத்துக் கரையாது. மாரியில் கொப்பிப் பை நனைகிற பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

லேசருக்கும் குறை உண்டு. மாரி காலத்தில் திறந்து கிடந்த கடதாசி ஈரத்தை இழுத்து, சூட்டில் சுருண்டு சிக்கும். கட்டைப் பிரித்தால் மிச்சத்தை உறைக்குள் போட்டு ஒட்டி வையுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே கறை தாளில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஓர் உருளையில் காயம். எம்எஃப்3010 இல் அந்த இடைவெளி 75 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் டிரம், அதாவது தூளைத் தாளுக்குக் கொண்டுபோகும் உருளைதான். அது கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே மாறும். பிரதர் லேசர்களில் டிரம் தனி, டோனர் தனி. சூடேறும்போது லேசர் கரண்டைத் திடீரென இழுக்கும், ஆகவே கரண்ட் போனால் கணினிக்குக் கைகொடுக்க வைத்திருக்கும் பற்றரிப் பெட்டியான யூபிஎஸ்ஸில் அதைச் செருகக் கூடாது. தூள் சிந்தினால் குளிர்ந்த தண்ணீரால் துடையுங்கள், சுடுதண்ணீர் பட்டால் துணியில் பிடித்துவிடும். கார்ட்ரிட்ஜில் தூள் நிரப்பிப் பாவிப்பது பற்றி எனக்கு அனுபவம் குறைவு. ஒருமுறை நிரப்பியது நன்றாகவே ஓடியது, அதை வைத்து எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஸ்கேனில் இரண்டும் ஒன்றுதான். கணினியிலிருந்து அடித்தால் சுத்தமாகவும், கொப்பி எடுத்தால் மட்டும் கோட்டோடும் வந்தால் பிழை மையிலோ டோனரிலோ இல்லை. கண்ணாடியைத் துடைத்தால் போதும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காணி உறுதி அனுப்புகிற வீடுகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய உறுதிகள் ஏ4 கண்ணாடியைவிட நீளமானவை. இரண்டு துண்டாக எடுக்க வேண்டி வரும். அல்லது மேலே தாள் இழுக்கும் ஏடிஎஃப் உள்ள, ஏ4 ஐவிட நீளமான லீகல் அளவு எடுக்கும் மாடலைப் பாருங்கள். ஆனால் நைந்துபோன உறுதியை அந்த ஏடிஎஃப்பில் விடவே கூடாது.

எம்எஃப்3010 யூஎஸ்பி வயரில் மட்டும் ஓடுவது. போனிலிருந்து நேரே அடிக்க நினைத்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வைஃபை உள்ள லேசரை எடுங்கள். வினாத்தாள் வந்து சேருவதே போனுக்குத்தானே.