பிரஷ் கட்டர், பேட்டரி ஸ்பிரேயர்: ரிப்பேர் கடையில் கழற்றிப் பார்த்த வரைக்கும்

வேலூர் மாவட்டத்தில் பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் தென்னை, வாழை, கரும்பு, கத்திரி வைத்திருக்கிறவர்களின் மிஷின்கள்தான் வருஷக்கணக்காக என் கடைக்கு வருகின்றன. புல் வெட்டுகிற பிரஷ் கட்டர், மருந்து அடிக்கிற ஸ்பிரேயர், தண்ணீர் இன்ஜின் எல்லாம் பார்க்கிறேன். அதில் அதிகமாகக் கையில் படுவது பிரஷ் கட்டர். "எதை வாங்கலாம்ணா?" என்று கேட்டு தினமும் யாராவது போன் போடுகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். இப்போது வருகிற மலிவு மிஷின்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் இருக்கிறது. அது எழுத்திலும் தெரியும்.

ஆன்லைனிலும் கடைகளிலும் நூறு பெயரில் கிடைக்கிற டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிற) பிரஷ் கட்டர்களில் முக்கால்வாசி உள்ளே இருப்பது இரண்டே இன்ஜின்தான். ஒன்று 40 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), இன்னொன்று 44 மி.மீ. போர். இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 34 மி.மீ. கணக்குப் போட்டால் சின்னது 42.7 சிசி, பெரியது 51.7 சிசி. இதைத்தான் 43, 52 என்று எழுதுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் 63 சிசி, 68 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டி ஆயிரம், ரெண்டாயிரம் கூடுதலாக வாங்கிய மிஷின்கள் கடைக்கு வரும்போது, சிலிண்டரைக் கழற்றி வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்ப்பேன். அதே 44 மி.மீ. இருக்கும். வாங்கியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் அதைச் சொல்வதே கஷ்டம்.

டிசைன் மாறவே இல்லை. அதனால்தான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. ஆரம்பத்தில் வந்த 44 போர் மிஷின்கள் சில இன்னும் தோப்புகளில் ஓடுகின்றன. ரிங் மாற்றியிருப்பேன், கிளட்ச் மாற்றியிருப்பேன், அவ்வளவுதான். இப்போது வருவதில் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், எக்ஸாஸ்ட் போர்ட் ஓரத்தில் உள்பூச்சு உரிந்திருக்கும். நகத்தை வைத்து இழுத்தாலே அந்த விளிம்பு தட்டும். உரிந்த துணுக்கு ரிங்கில் மாட்டி, பிஸ்டன் நெடுக கோடு கிழித்து வைத்திருக்கும். பூச்சுப் போட்ட சிலிண்டரை ரீபோர் பண்ண (உள்ளே கடைந்து சரிசெய்ய) முடியாது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றுவதற்குக் கிடைக்கிற செட்டும் அதே தரம்தான். நான் ஒழுங்காக வேலை செய்து கொடுத்தாலும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. ஒரு மெக்கானிக்குக்கு இதைவிடக் கேவலம் வேறு இல்லை.

ஸ்டார்ட்டர் கதையும் அதேதான். கயிறு சுற்றுகிற புல்லி, அதில் கொக்கி மாட்டுகிற பல், எல்லாம் இப்போது மெல்லிய பிளாஸ்டிக். வேலூர் சித்திரை வெயிலில் வரப்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த பிளாஸ்டிக் இளகிவிடும். பிறகு இழுத்தால் கயிறு மட்டும் கையோடு வரும், இன்ஜின் சுற்றாது. சைலன்சர் போல்ட்டுகளும் அப்படித்தான். அலுமினியம் அவ்வளவு மென்மை, இரண்டாவது தடவை கழற்றி மாட்டும்போதே மரை போய்விடுகிறது. ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருளை உள்ளே போட்டு மரையைத் திரும்பக் கொண்டுவருகிறேன். புது மிஷினுக்கு ஹெலிகாயில் போட வேண்டி வரும் என்று வேலை கற்றுக்கொண்ட காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பெட்ரோலையும் சொல்லியாக வேண்டும். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 விற்பனைக்கு வந்தது. இன்று பங்கில் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், சாதா ரப்பரைக் கெடுக்கும். கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன டயாஃப்ரம் இருக்கும். விரல் நுனியில் பிடித்தால் தொய்வாகத் தொங்க வேண்டும். இப்போது வருகிறவற்றில் ஒரு சீசன் முடிந்து எடுத்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருக்கிறது. அது அசையாவிட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் சரியாக ஏறாது, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அணைந்துவிடும். டேங்குக்குள் போகிற மஞ்சள் ட்யூபும் உள்ளேயே ஒடிந்து, ஃபில்டர் அடியில் தனியாகக் கிடக்கும். எத்தனால் தாங்கும் ரப்பர் இல்லாமல் இல்லை. விட்டான் வகை ரப்பர் தாங்கும், விலை கொஞ்சம் கூட. இ20 வரப்போகிறது என்று நாட்டுக்கே தெரிந்த பிறகும் பழைய ரப்பரையே போட்டு விற்கிறவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

ஓட்டுகிறவர்கள் பக்கமும் தப்பு உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் 25:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். இதைக் குத்துமதிப்பாக ஊற்றி பிஸ்டனைப் பிடிக்க வைத்துக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். பிளேடு மாட்டுகிற முனையில் இருக்கிற கியர் ஹெட்டில் கிரீஸ் போடுவதும் பாதிப் பேருக்குத் தெரியாது. இருபது இருபத்தைந்து மணி நேரம் ஓடினால் பக்கவாட்டில் இருக்கிற போல்ட்டைக் கழற்றி கிரீஸ் ஏற்ற வேண்டும். ஆனால் பெட்டியோடு வருகிற புத்தகத்தில் தமிழ் ஒரு வரி கிடையாது. விவசாயி எங்கே போய்த் தெரிந்துகொள்வார்?

போன ஐப்பசி மழை விட்டதும் ஒருவர் புது மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோப்பு முழுக்க முழங்கால் உயரம் புல். "இன்னாண்ணா, ஒரு சீசன்கூட முழுசா ஓட்டல, அதுக்குள்ள இன்ஜினே போச்சுன்ற?" என்றார். ஆயில் கலந்துதான் ஓட்டியிருந்தார், டேங்கில் மிச்சம் இருந்ததை நான் பார்த்தேன். சிலிண்டரில் பூச்சு உரிந்திருந்தது. வாரண்டிக்கு போன் போட்டோம். சிலிண்டர், கார்புரேட்டர், பிளாஸ்டிக், ரப்பர் எதற்கும் வாரண்டி இல்லை என்றார்கள். பிறகு எதற்குத்தான் இருக்கிறது? அவருக்கு அந்த வாரமே புல் வெட்டியாக வேண்டும், கூலிக்கு ஆள் வைத்து வெட்டினார். மிஷின் விலை ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம். மலிவு மிஷின் என்பதற்கு அர்த்தமே இல்லாமல் போனது.

நல்லதும் இருக்கிறது. ஹோண்டா ஜிஎக்ஸ்35 ஃபோர் ஸ்ட்ரோக், 35.8 சிசி. ஆயில் கலக்கிற வேலை இல்லை, தனியாக 100 மில்லி ஆயில் ஊற்ற வேண்டும். அளவு அவ்வளவு கம்மி என்பதால் ஓட்டும் முன்பு தினமும் திறந்து பார்க்க வேண்டும், அதை மறந்தால் அதுவும் போகும். பார்த்து ஓட்டியவர்களின் மிஷின் என்னிடம் ஏர் ஃபில்டருக்கும் ப்ளக்குக்கும்தான் வருகிறது. தண்ணீர் இன்ஜினில் அதே கம்பெனியின் ஜிஎக்ஸ்160. எங்கள் பக்கம் வாழைக்குத் தண்ணீர் இறைக்கும் பழைய ஒன்றில் ரிங் மாற்றினேன், வால்வு உட்கார வைத்தேன், ஒரே இழுப்பில் எடுத்தது. விலை அதிகம்தான். முடிகிறவர்கள் அதை வாங்குங்கள்.

முடியாதவர்கள் 44 போர் வாங்கினாலும் பரவாயில்லை, ஆனால் ஸ்பேர் பார்த்து வாங்குங்கள். கடைக்காரரிடம் டயாஃப்ரம் கிட், ஸ்டார்ட்டர், கிளட்ச், பிஸ்டன் செட் நாலையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஷாஃப்ட் குழாய் 26 மி.மீட்டரா 28 மி.மீட்டரா, உள்ளே சுற்றுகிற கம்பியின் முனையில் 7 பல்லா 9 பல்லா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாளைக்கு கியர் ஹெட் மாற்ற வேண்டி வந்தால் அந்த அளவு தெரியாமல் வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குச் சாதா ஸ்க்ரூடிரைவர் போகிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் தனி டூல் இல்லாமல் திருப்பவே முடியாது.

பேட்டரி ஸ்பிரேயர் வாங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: லெட் ஆசிட் பேட்டரியை வெளியே எடுத்து எடை போடுங்கள். 12 வோல்ட் 12 ஆம்பியர் ஹவர் பேட்டரி சுமார் மூன்றரை கிலோ இருக்கும். 12 என்று எழுதியிருந்து இரண்டு கிலோ சொச்சம்தான் நிற்கிறது என்றால் உள்ளே இருப்பது 7, 8 ஆம்பியர் ஹவர்தான். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மிஷினாக இருந்தாலும், சீசன் முடிந்து மூலையில் வைப்பதற்கு முன்னால் டேங்கில் இருக்கிற பெட்ரோலைக் கவிழ்த்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக அணைகிற வரைக்கும் ஓட விடுங்கள். கார்புரேட்டரில் சொட்டுப் பெட்ரோல் நிற்கக் கூடாது.