டேஷ்போர்டை வழவழன்னு ஆக்கித் தர்றோம்னு சொன்னா உஷார்: 14,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் காரைத் திறந்தால், ஸ்டியரிங்குக்கு மேலே டேஷ்போர்டு பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நிற்கிறது. நகத்தை வைத்தேன், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி கையோடு வந்துவிட்டது. டேஷ்போர்டின் சொரசொரப்பை எடுத்து வழவழப்பாக்கிப் பெயிண்ட் அடிக்கிற வேலை, முடிந்து 19 நாள்தான் ஆகிறது. கொடுத்தது 14,500 ரூபாய். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த வேலைக்கு வண்டியை விடப் போகிறவர்கள் என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விவரமாகப் போடுகிறேன்.

உரிந்த பெயிண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடிப்பக்கத்தில் டேஷ்போர்டின் பழைய சொரசொரப்பு, அந்தத் தோல் டிசைன், அச்சு எடுத்த மாதிரி அப்படியே பதிந்திருக்கிறது. என்ன நடந்தது என்று சொல்ல இது ஒன்றே போதும். சொரசொரப்பை யாரும் தேய்க்கவே இல்லை. பள்ளத்தில் பட்டியை, அதாவது குழி நிரப்புகிற பசையை, இழுத்து மூடி, மேலே கலர் அடித்துவிட்டார்கள். பெயிண்ட் பிளாஸ்டிக்கில் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கிற ப்ரமோட்டர் அடித்திருந்தால் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது, சுரண்டினால் பொடிப்பொடியாகத்தான் வரும்.

அடுத்து, பஞ்சில் கொஞ்சம் தின்னர் தொட்டு ஓரத்தில் தேய்த்தேன். பஞ்சு கருப்பாகிவிட்டது. டூகே (2K) என்பது பெயிண்ட்டோடு ஹார்டனர் என்கிற கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலந்து அடிப்பது, காய்ந்த பிறகு தின்னருக்குக் கரையாது. ஆக, பேசியது டூகே, அடித்தது ஹார்டனர் இல்லாத, தின்னரில் கரைகிற சாதா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்.

கார் இன்டீரியர் வேலை செய்யும் கடை. பெயர் போடவில்லை. நம்பியது எங்கே என்றால், மாதிரிக்கு ஒரு பேனலைக் கடைக்காரர் கையில் கொடுத்தார். ஸ்டீரியோவைச் சுற்றி வருகிற பேனல். சொரசொரப்பு தடமே இல்லை, மேட் ஃபினிஷ், விரல் வழுக்கிக்கொண்டு போனது. "ப்ரமோட்டர் அடிக்காம பிளாஸ்டிக்கைத் தொடவே மாட்டோம் சார்" என்று டப்பாவையும் எடுத்துக் காட்டினார். டப்பா கனமாக, நிறைய இருந்தது. எப்போதுமே நிறையத்தான் இருக்கும் போல! ப்ரமோட்டர் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் 8,000 அட்வான்ஸ் ஜிபேயில் போய்விட்டது. மீதி 6,500 டெலிவரி அன்று.

அந்த மாதிரி பேனல் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். நன்றாகத் தேயும், பெயிண்டும் பிடிக்கும். என் டேஷ்போர்டோ பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், டால்க் பொடி கலந்தது. பின்பக்கம் அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வகையைச் சொல்கிற எழுத்து அச்சாகியிருக்கும், அதைப் பார்த்தாலே தெரியும். சின்னத் துண்டு சீவித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் என்று பார்க்கச் சொல்வார்கள். டால்க் 20 சதவீதம் கலந்திருந்தால் பாலிப்ரொப்பிலீனும் மூழ்கிவிடும், அதை நம்ப வேண்டாம். எழுத்தைத்தான் பார்க்கணும்.

இந்த பிளாஸ்டிக் மெழுகு மாதிரி, எதையும் சுலபத்தில் ஒட்ட விடாது. மெஷின் வைத்துத் தேய்த்தால் சூட்டில் இளகிப் பஞ்சு பஞ்சாகப் பிசிறு கிளம்பும். முறையாகச் செய்வதென்றால் டேஷ்போர்டைக் கழற்றி வெளியே எடுத்து, முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். வருஷக்கணக்கில் போட்ட பாலிஷின் சிலிக்கான் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் பெயிண்ட் மீன்கண் மாதிரி குழி விழும். பிறகு 180 நம்பர் உப்புத்தாள், கையால், மேடு மட்டும் மழுங்குகிற வரைக்கும். அடுத்து 240. பிசிறை எடுத்துவிட்டு, மறுபடி துடைத்து, ப்ரமோட்டர் மெலிசாக. டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்குள்ளேயே அதன்மேல் டூகே ஹை பில்ட் பிரைமர் (பள்ளத்தை நிரப்புகிற தடிமனான அடிப்பூச்சு), வளைந்து கொடுக்கிற அடிட்டிவ் கலந்து, 10 முதல் 15 நிமிஷம் இடைவெளி விட்டு மூன்று கோட். ராத்திரி முழுக்கக் காயணும். மறுநாள் கட்டை வைத்து 320, 400. எங்கேயாவது பிளாஸ்டிக் தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்குத் திரும்பவும் ப்ரமோட்டர், திரும்பவும் பிரைமர். சொரசொரப்பு ஆழமாக இருந்தால் இந்தச் சுற்று முழுசும் இன்னொரு தடவை. கடைசியில் 600, கலர், அதன்மேல் மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு. பளபள கிளியர் வேண்டவே வேண்டாம், முன் கண்ணாடியில் பிரதிபலித்து ரோடே தெரியாது.

குறைந்தது நாலைந்து நாள் வேலை. எனக்கு ஒன்றரை நாளில் வண்டி வந்தது. அப்பவே எனக்கு உறைத்திருக்கணும்.

என்.சி. பட்டி காய்ந்த பிறகும் சுருங்கிக்கொண்டே இருக்கும், வளையாது. வெயிலில் நிற்கிற காரில் டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் ஒரு மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் நீளும், ராத்திரி திரும்பச் சுருங்கும். பட்டி எத்தனை நாள் தாங்கும்? திருச்சி வெயிலில் 19 நாள் தாங்கியிருக்கிறது.

போன் செய்தேன். "வெயிலுக்கு அப்படித்தான் சார் இருக்கும், செட் ஆயிடும்." உரிந்தது எப்படி செட் ஆகும்? "நீங்க பாலிஷ் ஏதாவது போட்டீங்களா?" போடவில்லை. "போட்டோ அனுப்புங்க." ஆறு போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் பெயிண்டர் ஊருக்குப் போயிருக்கிறாராம். கடைசியாக, "பிளாஸ்டிக்குக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார்." 14,500 வாங்கும்போது இதைச் சொல்ல வாய் வரவில்லை. பில் என்று கொடுத்தது துண்டுச் சீட்டு, அதில் "இன்டீரியர் வேலை" என்று இரண்டே வார்த்தை.

இதெல்லாம்கூடப் பணத்தோடு போகிற விஷயம். உண்மையில் வயிற்றைக் கலக்கியது வேறு. இடது பக்கம் ஏர்பேக் மூடியைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு இருக்குமே, அதைக் காணோம்! பட்டி போட்டு மூடிவிட்டார்கள். "லைன் தெரியாம நீட்டா இருக்கட்டும்னுதான் சார்" என்கிறார். பை விரியும்போது அந்தக் கோட்டில்தான் மூடி திறக்கணும். அங்கே கெட்டியாகப் பட்டி இருந்தால் திறப்பது தடைப்படலாம், அல்லது பட்டி சில்லு சில்லாக உடைந்து உட்கார்ந்திருப்பவர் முகத்தில் தெறிக்கலாம். அந்த சீட்டில்தான் அம்மா உட்காருவார். இனி சரிசெய்யும் வரை பின்சீட்தான் என்று சொல்லிவிட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டி, பிரைமர், பெயிண்ட் எதுவும் ஏர்பேக் மூடி மேல் படக்கூடாது. டேஷ்போர்டைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்து, சர்வீஸ் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கலர் அடிக்கும் முன், பிரைமர் நிலையில் நேரில் போய் ஒரு மூலையில் டேப் ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பாருங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகுதான். பில்லில் "டூகே, ப்ரமோட்டர்" என்று எழுதி வாங்குங்கள், எழுத மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நாளைக்குப் பழைய பார்ட்ஸ் விற்கிற இடத்தில் இதே மாடல் டேஷ்போர்டு கிடைக்குமா என்று பார்க்கப் போகிறேன். சொரசொரப்பாக இருந்தால் போதும்.