ஒரு நாளைக்கு ஒரு முழம் நூல்: ஒரு சாம்ப்ளரோடு 28 மாதம்

2022 செப்டம்பரில் முதல் தையல் போட்டேன். 2024 டிசம்பரில் கடைசி நூலை வெட்டினேன். அக்கா பேத்தி பிறந்ததற்காகத் தொடங்கிய சாம்ப்ளர் இது. முதல் பிறந்த நாளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கையில் கொடுத்தபோது அவளுக்கு இரண்டரை வயது. வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு தைத்ததில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதி வைக்கத் தோன்றியது. நேரமே கிடைக்கவில்லை என்று பாதியில் சுருட்டி வைத்த எம்பிராய்டரித் துணி பல வீட்டுப் பீரோக்களில் இருக்கிறது. என் வீட்டிலும் ஒன்று இருந்தது.

சாம்ப்ளர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: எழுத்து, எண், பூ, பறவை, கரை என்று பல மாதிரிகளை ஒரே துணியில் தைத்து வைப்பது. 'மாதிரி' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இங்கிலாந்தில், கற்ற தையல்களை மறக்காமல் இருக்கத் துணியிலேயே குறித்து வைத்தார்கள். பிற்காலத்தில் சிறுமிகள் எழுத்தும் தையலும் சேர்த்துப் பழக இதையே பாடமாக்கினார்கள். தேதி போட்ட ஆங்கிலேய சாம்ப்ளர்களில் மிகப் பழையது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்தது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பரில் பிறந்ததை அதில் தைத்திருக்கிறார். துணியில் உள்ள ஆண்டோ 1598. இதைப் படித்த அன்று எனக்கு மனசு லேசாகிவிட்டது. பிறந்த குழந்தைக்கான துணி இரண்டு வருடம் கழித்து வந்தாலும் அது குழந்தைக்கான துணிதான்.

இதற்கு முன்பு ஒரு தடவை தோற்றிருக்கிறேன். 2019-ல் ஆன்லைனில் ஒரு கிட் வாங்கினேன். ஏரி, மலை, மரம் எல்லாம் உள்ள இயற்கைக் காட்சி. அறுபதுக்கும் மேல் நிறங்கள். இங்கே மூன்று தையல், அங்கே இரண்டு தையல் என்று நிறம் சிதறிக் கிடக்கும் படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தைப்பது என்று முடிவு செய்தேன். அந்த இரண்டு மணி நேரம் வரவே வராது. வந்தாலும் துணியை எடுத்து, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, எந்த நிறம் எந்தக் கண்டு என்று பிரிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். அப்புறம் யாராவது வருவார்கள். ஒரு வருடத்தில் ஒரு கைக்குட்டை அளவுகூட நகரவில்லை. பரணில் ஏற்றிவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலை நாலு சுற்று சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார். சோறு வேகும் நேரம், பேரன் தூங்கும் நேரம், எங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரம் எல்லாமே அவருக்கு முடிச்சு நேரம். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் புள்ளி. அதற்கென்று அவர் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மதுரையில் வாசல் திண்ணையில் மல்லிகை கட்டுகிறவர்களும் அப்படித்தான். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும். முழம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த முழம்தான் எனக்கு வழி காட்டியது. கட்டத்துக்குக் கட்டம் பெருக்கல் குறி போலப் போடும் கிராஸ் ஸ்டிச் தையலுக்கு நூலை ஏறக்குறைய 18 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அதற்கு மேல் நீளமானால் துணிக்குள் போய்வந்து பிசிறு தட்டும், சிக்கல் விழும். 18 அங்குலம் என்றால் நம் ஊர்க் கணக்கில் ஒரு முழம். 14 கவுண்ட் ஐடா துணியில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில், இரண்டு இழை வைத்துத் தைத்தால் ஒரு முழத்துக்கு எனக்கு 40 தையல் வருகிறது. அதற்குப் பதினைந்து நிமிடம். 'இன்று ஒரு மணி நேரம் தைப்பேன்' என்பதை விட்டுவிட்டு, 'இன்று ஒரு முழம்' என்று வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் மாற்றம். நூல் தீர்ந்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்துவிடலாம். பதினைந்து நிமிடத்தை யாரும் கேட்டு வாங்கத் தேவையில்லை.

சமையலறை மாதக் காலண்டரில், தைத்த நாளில் முழத்துக்கு ஒன்றாகச் சின்னப் பெருக்கல் குறி போட்டேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 171 நாட்களில் 244 குறி. என் சாம்ப்ளரில் ஏறக்குறைய 9,200 தையல். அதற்கு 230 முழம் போதும். மிச்சம் 14 முழம் பிரித்துத் திரும்பத் தைத்தது. மொத்தம் 61 மணி நேரம். மாதத்துக்கு இரண்டே கால் மணி நேரம்கூட இல்லை! என்னைக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார வைத்த கணக்கு இது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேடிக்கொண்டிருந்த நேரம் வாரம் முழுக்கப் பொடிப்பொடியாக வீட்டிலேயே சிதறிக் கிடந்திருக்கிறது.

எங்கே கிடைத்தது என்றும் சொல்கிறேன். காலையில் கோலம் போட்டு முடித்து, குக்கரை அடுப்பில் ஏற்றியதும் விசில் வருவதற்குள் பாதி முழம் ஓடும். ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் தெளிவாகப் பிரிந்து தெரிவது அந்த நேரத்தில்தான். அப்புறம் தண்ணீர் வரும் நாள். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிறையும் வரை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர முடியாது. மற்றவர்களுக்கு எரிச்சல், எனக்கு இரண்டு முழம். மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது மதுரை அண்ணா நகர் அரவிந்த் மருத்துவமனையில் காத்திருந்த நாளில் மட்டும் ஐந்து முழம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, திருமங்கலம் பக்கத்துக்காரர், நான் எண்ணும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காத்திருந்து, எண்ணி முடித்ததும் தொடர்ந்தார். அப்படி ஒரு மரியாதையை நான் எங்கும் பார்த்ததில்லை.

கப்பலூர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தைத்துப் பார்த்தேன். வேண்டாம். ஒரு குலுக்கலில் ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும். பஸ்ஸில் செய்ய வேண்டியது நூல் பிரிப்பது. ஆறு இழையில் ஒவ்வொன்றாக உருவி, முழம் பார்த்து வெட்டி, ஓட்டை போட்ட அட்டையில் நிறவாரியாகக் கட்டி வைத்துவிட்டால் மறுநாள் காலை நேராகத் தையலில் இறங்கலாம். இழைகளை மொத்தமாக இழுத்தால் சுருண்டு சிக்கும். ஒற்றை இழையை மேலாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

காலண்டரில் ஒரு குறிகூட இல்லாத மாதங்களும் உண்டு. மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் மாதம், நான் கணக்குப் பிரிவில் இருப்பவள். சித்திரைத் திருவிழாவுக்கு மீனாட்சி கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் வரை வீடு நிறைய விருந்தாளிகள். அதற்கு மேல் கத்திரி வெயில். உள்ளங்கை வேர்வை வெள்ளைத் துணியில் இறங்கினால் பழுப்பு ஏறும். அந்த நாட்களில் துணியைத் தொடாமல் மஞ்சப்பையில் வைத்துக் கட்டிவிட்டேன். ஒரு மாதம் விட்டுப்போனால் பழகிய கை மறந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. மறக்கவில்லை. ஆனால் விட்ட இடம் மறந்துவிடும். அதனால் பையைக் கட்டும் முன் வரைபடத்தில் தைத்த கட்டங்களைக் கலர் பென்சிலால் தீட்டி, அடுத்த தையல் எங்கே என்று ஒரு அம்புக்குறியும் போட்டு வைப்பேன். வரைபடத்தைத் தாளில்தான் வைத்துக்கொண்டேன். போனில் வைத்தால் வாட்ஸ்அப் ஒரு முழத்தைத் தின்றுவிடும்.

வரைபடம் நானே வரைந்தது. ஆங்கில எழுத்து சாம்ப்ளர்கள் எத்தனையோ கிடைக்கின்றன. எனக்குத் தமிழ் எழுத்து வேண்டும். 126 கட்ட அகலம், 168 கட்ட உயரம். துணியில் 9 அங்குலத்துக்கு 12 அங்குலம். வரிசைக்கு ஆறு எழுத்து. உயிரெழுத்து இரண்டு வரிசை. மெய்யெழுத்து ஆறாறாக அழகாகப் பிரிந்துகொண்டது: வல்லினம் ஒரு வரிசை, மெல்லினம் ஒரு வரிசை, இடையினம் ஒரு வரிசை. சதுரக் கட்டத்தில் தமிழைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். ட, ப இரண்டும் கட்டத்துக்கென்றே பிறந்த எழுத்துகள். நேர் கோடு, முடிந்தது. ஐ, ஞ, ண மூன்றும் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தன. ண-வின் சுழிகளைச் சின்னதாக்கினால் ன போலத் தெரியும், பெரிதாக்கினால் பக்கத்து எழுத்தை இடிக்கும். ஆறு முறை அழித்து வரைந்தேன். மெய்யின் புள்ளிக்கு முதலில் ஒரே ஒரு தையல் போட்டேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லை. இரண்டுக்கு இரண்டு என்று நாலு தையல் ஆக்கியதும்தான் மெய் மெய்யாக நின்றது. கீழே மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம், ஒன்பது நிலை, நிலைக்கு நாலு கட்டம். பக்கத்துக்கு ஒரு கிளி.

எழுத்து, கோபுரம், கிளி, கரை எல்லாம் சேர்த்து ஏழே நிறம். நேரம் குறைவாக உள்ளவர்கள் படம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவை அல்ல, நிறத்தின் எண்ணிக்கையை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு முழம் முழுக்க ஒரே இடத்தில் தீர வேண்டும். நடுவில் நாலு தடவை நூல் மாற்ற வேண்டிய படத்தில் பதினைந்து நிமிடம் என்ற கணக்கே செல்லாது.

நூல் தொடங்கும் முறையும் நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டு முழ நீளத்தில் ஒற்றை இழை எடுத்து இரண்டாக மடித்து, இரண்டு நுனியையும் சேர்த்து ஊசியில் கோர்க்க வேண்டும். மறுமுனையில் ஒரு கண்ணி நிற்கும். கீழிருந்து மேலே வந்து, முதல் சாய்ந்த கோட்டைப் போட்டுக் கீழே இறங்கும்போது அந்தக் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்தால் இறுகிக்கொள்ளும். முடிச்சு கிடையாது, பின்பக்கம் மேடு தட்டாது. இது தெரிவதற்கு முன் தைத்த கரையைத் தடவினால் இன்றும் கைக்குத் தெரிகிறது.

அந்த 14 முழம் எப்படிப் போனது என்றும் சொல்ல வேண்டும். மெல்லின வரிசையில் ஞ் தைக்கும்போது ஒரு கட்டம் வலது பக்கம் தள்ளித் தொடங்கிவிட்டேன். அது தெரியாமல் அந்த வரிசையை முடித்து, அடுத்த வரிசையில் ய், ர் வரைக்கும் போன பிறகுதான் மேலே உள்ள எழுத்தோடு நேர் வராதது கண்ணில் பட்டது. ராத்திரி பத்து மணி. அப்படியே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்து, பிரித்துவிட்டேன். பிரித்த பிறகுதான், ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன்: பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாகத் துணி முழுக்க இளநீலத் தையல் நூலால் ஓட்டுத் தையல். மூன்று சாயங்காலம் பிடித்தது. அதற்கு அப்புறம் ஒரு தையல்கூடத் தவறவில்லை.

பொருட்களைப் பற்றி. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எம்பிராய்டரி நூல் என்றால் மீனாட்சி கோயில் பக்கத்துப் புது மண்டபம்தான். கல் தூண்களுக்கு நடுவே டெய்லர் மெஷின் சத்தத்தில் அம்மாவோடு நின்று நிறம் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. ஆங்கர், டிஎம்சி என்று இரண்டு கம்பெனி நூல். ஆங்கர் நம் ஊரில் கேட்டால் கிடைக்கிறது, டிஎம்சியை நான் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். இரண்டும் நன்றாக உழைத்தன. இரண்டுக்கும் எண் வேறு: கறுப்பு டிஎம்சியில் 310, ஆங்கரில் 403. கண்டைப் பிரிக்கும்போதே எண்ணை அட்டையில் எழுதிவிடுங்கள். ஐடா போலவே கட்டம் தெரியும் மேட்டி துணி பழகுவதற்கு நல்லது, விலையும் குறைவு. நான் வாங்கியதில் குறுக்கே அங்குலத்துக்கு 11 கட்டம், நெடுக்கே 10. எழுத்து நெட்டையாகிவிட்டது. சாம்ப்ளருக்கு ஐடாவே சரி. ஊசி முனை மழுங்கிய 24-ம் எண். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதால் கண்ணாடி இல்லாமல் ஒரு தையலும் போடுவதில்லை. துணியை இறுக்கிப் பிடிக்கும் ரிங்கை ஒவ்வொரு தடவையும் கழற்றிவிடுவேன், இல்லையென்றால் வட்டமாகத் தடம் விழும்.

கரைக்கு வேண்டிய சிவப்பு தீர்ந்துபோய், அவசரத்துக்குப் பெயர் போடாத பாக்கெட் ஒன்றில் இருந்த சிவப்பைச் சேர்த்துத் தைத்தேன். 28 மாதத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான். கடைசியாக அலசும்போது கிளியின் வால் பக்கம் ரோஸ் நிறம் பரவியது. அடிவயிறு கலங்கிவிட்டது. தேய்க்கவில்லை, காயவும் விடவில்லை. குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்றிக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்கும் தண்ணீரையே ஊற்றினேன். மறுநாள் சாயங்காலம் தண்ணீர் தெளிந்தது, துணியும் வெளுத்தது. புதுச் சிவப்பு வாங்கினால் இப்போது முதலில் ஒரு முழத்தை ஈர வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துச் சோதித்த பிறகுதான் ஊசியில் கோர்க்கிறேன்.

அக்கா வீட்டுக் கூடத்தில் அது இப்போது மாட்டியிருக்கிறது. பேத்தியின் உயரத்துக்கு மாட்டச் சொன்னேன், அப்படியே மாட்டியிருக்கிறார்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளியைத்தான் தினமும் தொட்டுப் பார்ப்பாளாம். பரணில் கிடந்த அந்த ஏரியும் மலையும் உள்ள கிட்டைப் போன மாதம் இறக்கினேன். அதன் துணி மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டேன், 16 கவுண்ட். அம்மா போடும் 15 புள்ளிக் கோலம் ஒன்றை அதில் தைக்கிறேன். இன்று காலையோடு 19 முழம்.