யூனிக்ஸ் தரவை விண்டோஸ் டேப்புக்கு அனுப்ப எந்த வழி நல்லது?

காந்த நாடாவில் பேக்கப் எழுதும் டேப் டிரைவ் விண்டோஸ் சர்வரில் மாட்டியிருக்கிறது. பேக்கப் எடுக்க வேண்டிய தரவோ லினக்ஸ், பழைய சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் வகை மெஷின்களில் கிடக்கிறது. இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: சாம்பா ஷேர் (யூனிக்ஸ் டைரக்டரியை விண்டோஸுக்கு நெட்வொர்க் ஃபோல்டராகக் காட்டுவது), பேக்கப் மென்பொருளின் ஏஜென்ட் (யூனிக்ஸ் மெஷினில் நிறுவும் அதன் சிறு புரோகிராம்), டார் கோப்பு (பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டுவது). எதில் எடுத்தாலும் காலையில் ரிப்போர்ட்டில் 'முடிந்தது' என்றுதான் வரும். ரீஸ்டோர் செய்யும் அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

சாம்பா ஷேர் சுலபம். அரை மணி நேர வேலை, நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஒருநாள் டிஸ்க் போயிற்று. ஹோம் டைரக்டரிகளை டேப்பிலிருந்து திருப்பி எடுத்தேன். கோப்புகள் வந்துவிட்டன, ஆனால் அத்தனைக்கும் உரிமையாளர் ஷேருக்காக நான் உருவாக்கிய அந்த ஒரே யூசர். பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக லாகின் செய்யும் வழி) சாவிக் கோப்பு வைத்து லாகின் செய்கிறவர்கள் யாராலும் உள்ளே வர முடியவில்லை. சாவிக் கோப்பு வேறொருவர் பெயரில் இருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது. சிம்பாலிக் லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) இருந்த இடத்திலெல்லாம் அது சுட்டிய டைரக்டரியின் முழு நகல். ஓரிடத்தில் பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று என இரண்டு ரீட்மீ கோப்புகள் இருந்தன. விண்டோஸுக்கு இரண்டும் ஒரே பெயர், அதனால் ஒன்றின் உள்ளடக்கம் போயே போய்விட்டது. உரிமைகளைச் சரிசெய்யவே இரண்டு நாள் ஆனது.

ஏஜென்ட் யூனிக்ஸுக்குள்ளேயே ஓடுவதால் உரிமையாளர், அனுமதி, லிங்க் எல்லாம் கூடவே போகும். ஒரே ஒரு கோப்பை மட்டும் தேடி எடுப்பதற்கு இதை அடிக்க வேறு வழியில்லை. ஆனால் லைசென்ஸுக்குக் காசு வேண்டும், உங்கள் ஓஎஸ் பதிப்பும் அவர்களின் ஆதரவுப் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் பேக்கப் மென்பொருள் பேக்கப் எக்ஸெக் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதன் ஏஜென்ட் கேட்கும் 10000 என்ற நெட்வொர்க் போர்ட்டைத்தான், யூனிக்ஸை பிரவுசரில் நிர்வகிக்கும் வெப்மினும் பிடித்துக்கொள்ளும்.

என் ஓட்டு டாருக்கு. யூனிக்ஸ் பக்கம் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி யூசராக) டார் கட்டி, எஸ்எஸ்எச் வழியாக விண்டோஸ் டிஸ்கில் இறக்கி, அங்கிருந்து டேப்புக்கு எழுதுகிறேன். விண்டோஸுக்கு அது வெறும் ஒரு பெரிய கோப்பு. உள்ளே இருப்பதை அது தொடவே தொடாது. டிஸ்கில் இறக்குவதற்குக் காரணம் இருக்கிறது. எல்டிஓ-8 வகை டேப் டிரைவ் நொடிக்கு 360 எம்பி வரை எழுதும். கிகாபிட் நெட்வொர்க் 110 எம்பி கொடுத்தாலே பெரிது. தரவு வந்து சேராதபோது டேப் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடும். இப்படியே இரவெல்லாம் நடந்தால் டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். டிஸ்கில் சேர்த்துவிட்டு எழுதினால் ஒரே ஓட்டம்தான்.

டாரில் தொல்லை இல்லாமல் இல்லை. சின்னக் கோப்பு ஒன்றுக்காக மொத்த டாரையும் டேப்பிலிருந்து இறக்க வேண்டும். அதனால் டைரக்டரிக்கு ஒரு டார் என்று பிரித்துக் கட்டுகிறேன். டாரை ஜிஜிப் போட்டுச் சுருக்கியிருந்து நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்கு அப்புறம் இருப்பதை மீட்பது பெரும்பாடு.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை எந்த வழியிலும் அப்படியே நகலெடுக்காதீர்கள். முதலில் அந்தந்த டேட்டாபேஸின் சொந்த பேக்கப் கருவியை ஓட்டுங்கள்: ஆரக்கிளுக்கு ஆர்மேன், போஸ்ட்கிரெஸுக்கு பிஜி-டம்ப். அது கொடுப்பதை டேப்புக்கு அனுப்புங்கள்.

சரி, ஷேர் எதற்குத்தான் ஆகும்? ஸ்கேன் செய்த பிடிஎஃப், படங்கள் மாதிரி, யார் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை என்கிற கோப்புகளுக்கு அது தாராளமாகப் போதும். யூனிக்ஸின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி டைரக்டரியை மட்டும் அதில் விடாதீர்கள். பாஸ்வேர்ட் இருக்கும் ஷேடோ கோப்பைச் சாதாரண சாம்பா யூசரால் படிக்கவே முடியாது. அது டேப்பில் ஏறியிருக்காது.