கலித்தொகைத் தெளிவுரை, மலிவுப் பதிப்பு: வாங்க முதல் 18ஆம் பாட்டைத் திறந்து பாருங்கோ

சங்க நூலான கலித்தொகைக்கு யாழ்ப்பாண நகரப் புத்தகக்கடைகளில் கிடைக்கும் இந்த மெல்லட்டைத் தெளிவுரை சென்னை அச்சு. 150 பாட்டும் இருக்கின்றன, தாளும் எழுத்தும் நல்லவை. ஆனால் இளமை போய்விடும் என்று சொல்லிக் காதலரின் மனதைத் திருப்பும் பாட்டுகள் உள்ள, பிரிவைப் பாடும் பாலைக்கலியின் 35 பாட்டுக்காக வாங்குவதென்றால் வடிவாக யோசிக்க வேண்டும்.

கடையில் நிற்கும்போதே 18ஆம் பாட்டைத் திறவுங்கோ. 12 அடிதான். பொருள் தேடப் புறப்படுகிறவனை மறிக்கும் பெண்குரல். ‘என்தோள் எழுதிய’ தொய்யில் கோலத்தை நினைத்துப் பார் என்று முதலில் உடம்பின் நினைவைத் தொடுகிறது. அடுத்து நியாயம்: போனவர் அள்ளிவரப் பொருள் அங்கே குவிந்து கிடப்பதில்லை, போகாதவர் பட்டினி கிடப்பதுமில்லை. பிறகு வறுமையையும் தானே எடுத்து வைக்கிறது. ஒரு துணியைக் கிழித்து ஆளுக்குப் பாதி உடுத்தாலும் சேர்ந்து வாழ்வதே வாழ்க்கை. அவன் சொல்லக்கூடிய பதில்களையெல்லாம் பறித்த பிறகுதான் காலம் வருகிறது: ‘அரிதரோ சென்ற இளமை தரற்கு.’ மறுத்துப் பேச அவனுக்கு அடி மிச்சமில்லை.

இந்தத் தெளிவுரையோ அந்தக் கடைசி அடியைத் தூக்கி முதல் வசனமாக வைத்துவிட்டது. வாதம் அங்கேயே செத்து, பொது அறிவுரையாகிவிடுகிறது. தொய்யிலுக்கு ‘அலங்காரம்’ என்று ஒரே சொல். தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதும் கோலம், அழிந்துபோவது என்று தெரிந்தால்தானே அது அங்கே ஏன் வருகிறது என்பது விளங்கும்? ‘ஒரோஒகை’ இரண்டு இடத்திலும் ‘ஒரோகை’ என்று அச்சாகியிருக்கிறது. அளபெடை, அதாவது ஓசையை நீட்டும் அந்த ‘ஒ’, போனதும் கருவிளம் என்ற சீர் புளிமாவாகி, அடுத்த சீரோடு வெண்டளை என்ற ஓசைப் பிணைப்பு அறுகிறது. வாய்விட்டுப் படித்தால் நாக்கு இடறும்.

துறைக்குறிப்பு இல்லாததுதான் பெரிய குறை. 1681இல் அச்சான, ஆண்ட்ரூ மார்வெல் என்ற கவிஞரின் 46 அடி ஆங்கிலப் பாட்டில் ஆண் பெண்ணை அவசரப்படுத்துகிறான்: காலம் இருந்தால், ஆனால் இல்லை, ஆகவே இப்போதே. கலியில் அதே வாதம் பெண் தரப்பில் நின்று ஆணைப் போகவிடாமல் தடுக்கிறது. யார் யாரிடம் சொன்னது என்ற ஒரு வரி இல்லாமல் மாணவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது.

நீண்ட பாட்டுகளில் கலிப்பாவின் உறுப்புகளான தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் இடைவெளியில்லாமல் ஓடுகின்றன. பென்சிலால் ‘எனவாங்கு’ போன்ற தனிச்சொல்லை முதலில் வட்டமிடுங்கோ. அதற்கு மேலே, பெரும்பாலும் மூன்றாக வரும் தாழிசைகள் ஒரே வாதத்தை மும்முறை திருப்புவது தெரியும்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையுள்ள பதிப்பை வாங்குங்கோ. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் ஏட்டிலிருந்து அச்சேற்றியதும் அந்த உரையோடுதான். உரைநடை கடினம், ஆனால் பாட்டின் வாதத்தைக் குலைக்காது. அட்டையில் இருப்பது இந்திய விலை. எத்தனை மடங்கு பெருக்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கோ.