மளுக்கப்பாறைக் காட்டுக்குள் கைகொடுக்குமா? டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் கையடக்க இன்ஃபிளேட்டரும்

பொள்ளாச்சியில் காலை டிபனை முடித்துக்கொண்டு ஆழியார் வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. அங்கிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி, சாலக்குடி. நான்கைந்து வண்டிகளாகக் கிளம்புகிறவர்களுக்கு நிறைவான ஒரு நாள் ஓட்டம் இது. சிக்கல் மளுக்கப்பாறைக்கும் வாழச்சாலுக்கும் நடுவே இருக்கிறது. சுமார் 50 கி.மீ. தூரத்துக்கு அடர்காடு, பஞ்சர் கடை கிடையாது, போனில் சிக்னலை எதிர்பார்க்க முடியாது, யானை நடமாட்டம் உண்டு. 'வழியில் நிறுத்தாதீங்க' என்று சோதனைச்சாவடியிலேயே சொல்லித்தான் அனுப்புவார்கள். அங்கே பின் டயரில் ஆணி ஏறினால் எவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியும் என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் ஓட்டையை அடைக்கும் பஞ்சர் கிட், காற்றடிக்கும் இன்ஃபிளேட்டர் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் கிட். 300 ரூபாய் வாக்கில் கிடைப்பவற்றில் பாதி, கைப்பிடியிலேயே தோற்றுவிடும். ஸ்க்ரூடிரைவர் மாதிரி நேரான பிளாஸ்டிக் பிடி என்றால் வாங்காதீர்கள். டயருக்குள் ரீமரை (ஓட்டையைத் தேய்த்துச் சீராக்கும் சொரசொரப்பான கம்பி) இறக்க உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பிடி தனியாகச் சுழலும், அல்லது கம்பி உள்ளங்கைப் பக்கமாகப் பிதுங்கும். 'டி' வடிவ உலோகப் பிடிதான் வேண்டும். ரேடியல் டயர் போட்டவர்கள் இதில் சமரசமே செய்துகொள்ளக் கூடாது. பல ரேடியல் டயர்களில் உள்ளே இரும்பு இழை இருக்கும். ஓட்டையை ரீமரால் நன்றாகத் தேய்த்து விடாவிட்டால் அந்த இழையே ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்பை அறுத்துவிடும். பஞ்சர் போட்ட 20 கி.மீ.யில் மறுபடி காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்; பழி மட்டும் ஸ்ட்ரிப் மேல் விழுகிறது.

ஆணியைப் பிடுங்குமுன் அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ரீமரும் அதே சாய்வில்தான் போக வேண்டும். பதினைந்து இருபது முறை உள்ளே வெளியே தேயுங்கள். ஸ்ட்ரிப்பை ஊசியில் பாதிக்குப் பாதியாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, வெளியே ஒரு செ.மீ. வால் மிஞ்சும் வரை இறக்குங்கள். ஊசியைத் திருகாமல் ஒரே வெடுக்கில் நேராக இழுத்துவிட வேண்டும். மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். காற்றடித்து, எச்சிலோ தண்ணீரோ வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு வாலை வெட்டலாம். டயரோடு ஒட்ட வெட்டாமல் 2, 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

கிட்டோடு வரும் சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் அடுத்த பயணத்துக்குள் கல்லாகிவிடும். ஸ்ட்ரிப்பும் அப்படித்தான்: கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் உயிர் இருக்கிறது, காய்ந்து விறைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆணியைப் பிடுங்க மூக்கு நீண்ட சின்ன பிளேயர் பல கிட்களில் இருப்பதில்லை, தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் கிழிசல் என்றால் எந்தக் கிட்டும் உதவாது.

அடுத்து இன்ஃபிளேட்டர். வண்டி பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் ஒயர் வகையா, தனக்குள்ளேயே பேட்டரி உள்ள சார்ஜ் வகையா? ஒயர் வகை ஏறக்குறைய 10 ஆம்பியர் கேட்கும். ஹேண்டில்பாரில் போனுக்காகப் போட்டிருக்கும் யுஎஸ்பி சாக்கெட்டில் அது ஓடவே ஓடாது. லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகும் வாய்ப்பு அதிகம். பேட்டரி முனையிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து, சீட்டுக்கு அடியில் முடிந்து வைத்துக்கொண்டால் கவலை இல்லை. காற்றடிக்கும்போது இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். இந்த வேலைக்குச் சோம்பல் இல்லாதவர்களுக்கு என் ஓட்டு ஒயர் வகைக்குத்தான். சார்ஜ் வகை கைக்கு அடக்கம், அழகு. ஆனால் மூன்று மாதம் அலமாரியில் கிடந்த பிறகு நம்பி எடுத்துப் போக முடியாது. முந்தின இரவே முழுசாக ஏற்ற வேண்டும். 140/70-17 போன்ற பின் டயரை வெறுமையிலிருந்து 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்ற ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். அதற்குள் குழாய் முனையின் பித்தளை தொட முடியாத சூடாகிவிடும், கையுறையைக் கழற்றாதீர்கள். திரை காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடக் குறையக் காட்டுவது சகஜம் என்பதால் காற்றழுத்தம் பார்க்கும் பேனா வடிவ கேஜ் ஒன்று பையில் இருக்கட்டும்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று, குழாய் முனை. நெம்பி மாட்டும் வகை காருக்குச் சரி. பைக்கில் பிரேக் டிஸ்க்குக்கும் வால்வுக்கும் இடையே அது நுழையாது. திருகு முனை நுழையும், ஆனால் கழற்றும்போது இரண்டு மூன்று பிஎஸ்ஐ புஸ்ஸென்று போய்விடும். அதற்கும் சேர்த்து அடியுங்கள். டயர் மாற்றும்போதே பக்கவாட்டில் வளைந்த 'எல்' வால்வு போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. காற்று முழுக்க இறங்கி டயர் விளிம்பு ரிம்மை விட்டு விலகியிருந்தால், இந்தப் பம்பின் மெதுவான காற்று அதை மறுபடி உட்கார வைக்காது. அதனால் வண்டி ஆடுகிறது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள், உருட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இவ்வளவும் டியூப்லெஸ்ஸுக்கு. குழுவில் ஒரு ஹிமாலயன் 411, ஒரு எக்ஸ்பல்ஸ் 200 இருந்தால் அவை ஸ்போக் வீல், டியூப் வண்டிகள். இந்தக் கிட் அவற்றுக்குப் பயன்படாது. 21 அங்குல முன் டியூப் ஒன்று (அவசரத்துக்கு எக்ஸ்பல்ஸின் 18 அங்குலப் பின் ரிம்மிலும் திணிக்கலாம்), ஹிமாலயனின் பின்பக்கத்துக்கு 17 அங்குல டியூப் ஒன்று, டயரை நெம்பிக் கழற்ற மூன்று லீவர், பின் அச்சுக்கு நீளமான ஸ்பேனர் ஆகியவை தனியாக வேண்டும். புது டியூபை லீவரே கிள்ளிவிடுவதுதான் இங்கே வழக்கமான சோகம். கடைசிப் பக்கத்தை நெம்பும்போது எதிர்ப்பக்க விளிம்பை முட்டியால் ரிம்மின் பள்ளத்துக்குள் அழுத்தி வைத்தால் பாதிப் பலம் போதும்.

ஆளுக்கொரு மலிவு கிட் வேண்டாம். 500 ரூபாய்க்கு நல்ல கிட் ஒன்று, 2,000 ரூபாய் வாக்கில் இன்ஃபிளேட்டர் ஒன்று, செலவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அதைச் சுமப்பவர் கடைசி வண்டியில் வரட்டும். முன்னால் போகிறவரிடம் இருந்தால் வாழச்சாலில் அவர் டீ குடிக்கும்போதுதான் விஷயமே தெரியும். பையின் அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள்.

ஸ்ட்ரிப் போட்ட டயரில் 60 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். வாழச்சால் சாவடியைக் கடந்ததும் ஒருமுறை கேஜ் வைத்துப் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும். அடித்த அளவைவிடக் குறைவாகக் காட்டினால் காற்று கசிகிறது. சாலக்குடியில் டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போட்டுவிட்டு ஹைவேயில் ஏறுங்கள்.